பழைய அமெரிக்கத் தங்க நாணயங்கள்: வரலாறும் மார்க்கச் சட்டமும்

தங்கம் என்றதும் நம் வீடுகளில் முதலில் வருவது பவுன் கணக்குதான். பெண்ணுக்கு இத்தனை பவுன், பேத்திக்கு இத்தனை பவுன் என்று பேசுகிறோம். ஆனால் "பவுன்" என்பது உண்மையில் ஒரு நாணயத்தின் பெயர் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். ஆங்கிலேயர் காலத்தில் புழங்கிய 7.988 கிராம் எடையுள்ள "சாவரின்" என்ற ஒரு பவுண்டு தங்க நாணயமே நம் ஊரில் பவுன் ஆனது. அதை 8 கிராம் என்று முழுமைப்படுத்தி இன்றும் கணக்கிட்டு வருகிறோம்.

அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம் சகோதரர்கள் சிலரிடம் இப்போது பழைய தங்க நாணயங்களைச் சேகரிக்கும் ஆர்வம் காணப்படுகிறது. சிலர் வரலாற்று ஆசையால் வாங்குகிறார்கள். சிலர் சேமிப்பாக வாங்குகிறார்கள். இந்த வகையில் உலகச் சந்தையில் அதிகம் பேசப்படுபவை அமெரிக்காவின் ஆரம்பகாலத் தங்க நாணயங்கள். அவற்றின் வரலாறு என்ன, ஏன் இவ்வளவு விலை, ஒரு முஸ்லிம் இதை வாங்கி வைக்கலாமா, எப்படி வாங்க வேண்டும், ஜகாத் எப்படி, மவ்த்துக்குப் பிறகு வாரிசுகளுக்கு எப்படிப் பிரிப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எவை "ஆரம்பகால" நாணயங்கள்?

நாணய சேகரிப்பாளர்கள் 1795 முதல் 1834 வரை பிலடெல்பியா நகர நாணயச் சாலையில் பழைய எடையில் அடிக்கப்பட்ட தங்க நாணயங்களையே இப்படி அழைக்கிறார்கள். இவற்றில் மூன்று வகை உண்டு.

1. ஈகிள்: மதிப்பு 10 டாலர், எடை 270 கிரெய்ன், அதாவது சுமார் 17.5 கிராம்.
2. அரை ஈகிள்: மதிப்பு 5 டாலர், எடை 135 கிரெய்ன், சுமார் 8.75 கிராம்.
3. கால் ஈகிள்: மதிப்பு இரண்டரை டாலர், எடை 67.5 கிரெய்ன், சுமார் 4.37 கிராம்.

மூன்றுமே 22 காரட் தங்கம். பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு தங்கம், ஒரு பங்கு வெள்ளியும் செம்பும் கலந்த கலவை. ஈகிள் என்றால் கழுகு. நாணயத்தின் ஒரு பக்கம் "லிபர்ட்டி" எனப்படும் பெண்ணின் தலையும், மறுபக்கம் கழுகும் இருக்கும். முதலில் வந்தவற்றில் சிறிய கழுகும், பின்னர் மார்பில் கேடயம் தாங்கிய பெரிய கழுகும் இடம்பெற்றன.

ஆரம்ப நாணயங்களில் "இத்தனை டாலர்" என்று எங்குமே எழுதப்படவில்லை. காரணம், அன்று தங்கத்தின் மதிப்பைச் சொன்னது எழுத்து அல்ல, எடைதான். 1807ஆம் ஆண்டு ஜான் ரைக் என்பவர் செய்த புதிய வடிவத்தில்தான் அரை ஈகிளில் "5 டி" என்ற குறிப்பு வந்தது.

1792 சட்டம்: எடைக்கு மரண தண்டனை

விடுதலை பெற்ற அமெரிக்காவில் ஸ்பானிய, போர்த்துகீசிய, ஆங்கில நாணயங்களே புழங்கி வந்தன. 1787ஆம் ஆண்டு நியூயார்க் தட்டார் எஃப்ரைம் பிராஷர் என்பவர் தம் பெயரின் முதலெழுத்துகளைக் குத்தி ஒரு தங்க நாணயம் செய்தார். "பிராஷர் டப்ளூன்" எனப்படும் அந்த நாணயங்களில் ஒன்று 2021 ஜனவரியில் 93.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அது அரசு நாணயம் அல்ல.

அரசு நாணயத்திற்கான சட்டம் 1792 ஏப்ரல் 2ஆம் தேதி நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நாணயச் சாலை அதிகாரிகளில் எவராவது ஆதாயத்திற்காகத் தங்கம், வெள்ளி நாணயங்களின் எடையையோ தரத்தையோ குறைத்தாலும், ஒப்படைக்கப்பட்ட உலோகத்தைக் கையாடினாலும் மரண தண்டனை என்று கூறியது. ஒரு நாட்டின் நம்பிக்கை அதன் நாணயத்தின் எடையில் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அளவிலும் நிறுவையிலும் குறைப்போருக்குக் கேடு என்று எச்சரிக்க ஒரு தனி அத்தியாயமே (அல்முதஃப்பிஃபீன்) அருளப்பட்ட சமுதாயம் நாம். இதன் கனம் நமக்கு விளங்காமல் போகாது.

சட்டம் வந்தும் தங்க நாணயம் உடனே வரவில்லை. தங்கம், வெள்ளியைக் கையாளும் அதிகாரிகள் ஒவ்வொருவரும் 10,000 டாலர் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அவ்வளவு பெரிய தொகையை அவர்களால் கட்ட முடியவில்லை. 1794ஆம் ஆண்டு அந்தத் தொகையைக் குறைத்த பிறகே வேலை நடந்தது. போஸ்டன் வணிகர் மோசஸ் பிரவுன் 1795 பிப்ரவரியில் தம் தங்கக் கட்டிகளை நாணயமாக்கித் தரும்படி ஒப்படைத்தார். அன்றைய நாணயச் சாலை இயக்குநர் ஹென்றி வில்லியம் டி சாஸூர் காலத்தில், 1795 ஜூலை 31ஆம் தேதி 744 அரை ஈகிள்கள் முதன்முதலாக வெளிவந்தன. அதே ஆண்டு ஈகிளும், 1796இல் கால் ஈகிளும் வந்தன.

நாணயம் அடிக்கும் முன் ஒவ்வொரு வில்லையையும் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். எடை கூடினால் அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்கள். எடை குறைந்தால் மீண்டும் உருக்க அனுப்பினார்கள். 1795ஆம் ஆண்டு இந்த நிறுவை வேலைக்குச் சாரா வால்ட்ரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்ற இரு பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். இன்றும் பல நாணயங்களின் மேல் மெல்லிய இணைகோடுகள் தெரியும். புதிதாக வாங்குபவர்கள் அதைக் கீறல் என்று நினைத்துவிடுவார்கள். அது சேதம் அல்ல, நாணயம் அடிக்கும் முன்பே எடையைச் சரிசெய்த அரத்தின் தடம்.

ஏன் இவ்வளவு அரிதாயின?

அடிக்கப்பட்டதே குறைவு. 1795இல் அடித்த ஈகிள் 5,583 மட்டுமே. 1796இல் நட்சத்திரம் இல்லாத கால் ஈகிள் 963, 1797இல் கால் ஈகிள் 427. பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் நாணயச் சாலையைப் பல வாரங்கள் பூட்டி வைக்கவும் நேர்ந்தது.

ஆனால் பெரிய காரணம் வேறு. 1792 சட்டம் ஒரு அவுன்ஸ் தங்கத்திற்கு 15 அவுன்ஸ் வெள்ளி என்று விகிதம் வைத்தது. ஐரோப்பாவில் தங்கத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பிரான்ஸ் 1803இல் பதினைந்தரை என்று வைத்தது. அமெரிக்காவில் 15 அவுன்ஸ் வெள்ளி கொடுத்துத் தங்க நாணயத்தை வாங்கிக் கப்பலில் ஏற்றினால், அக்கரையில் கூடுதல் வெள்ளி கிடைத்தது. வணிகர்கள் விடுவார்களா? நாணயங்கள் பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து சென்று உருக்கப்பட்டன. 1804ஆம் ஆண்டின் இறுதியில் அதிபர் ஜெஃபர்சன் ஈகிள் அடிப்பதையே நிறுத்த உத்தரவிட்டார். 1838 வரை ஈகிள் மீண்டும் அடிக்கப்படவில்லை.

1834 ஜூன் மாதம் புதிய சட்டம் வந்தது. அரை ஈகிளில் இருந்த சுத்தத் தங்கம் 123.75 கிரெய்னிலிருந்து 116 கிரெய்னாகக் குறைக்கப்பட்டது. பழைய 5 டாலர் நாணயத்தை உருக்கினால் புதிய கணக்கில் சுமார் 5.33 டாலர் கிடைக்கும் நிலை வந்தது. எஞ்சியிருந்தவையும் உருக்குச் சட்டிக்குப் போயின. பழையதையும் புதியதையும் மக்கள் பிரித்தறிய, புதிய நாணயத்தில் கழுகின் மேல் இருந்த இலத்தீன் வாசகம் நீக்கப்பட்டது.

1822ஆம் ஆண்டு அரை ஈகிள் இதற்குச் சிறந்த உதாரணம். ஏட்டின்படி 17,796 அடிக்கப்பட்டன. இன்று இருப்பதாக அறியப்பட்டவை மூன்றே மூன்று. இரண்டு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. தனியாரிடம் உள்ள ஒன்று 1982இல் 6,87,500 டாலருக்கும், 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. அந்த நாணயத்தில் உள்ள சுத்தத் தங்கம் 8 கிராம் மட்டுமே. நம் கணக்கில் ஒரு பவுன்!

1933ஆம் ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட் மக்கள் தங்கள் தங்க நாணயங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, சேகரிப்பாளர்களுக்குச் சிறப்பு மதிப்புள்ள அரிய நாணயங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அந்த விலக்கால்தான் எஞ்சியவை இன்று வரை எஞ்சியுள்ளன.

மஸ்கட் சுல்தானுக்குச் சென்ற பெட்டி

இந்த வரலாற்றில் முஸ்லிம் உலகத்தைத் தொடும் ஒரு பக்கமும் உண்டு. 1833 செப்டம்பரில் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கத் தூதர் மஸ்கட் வந்து, ஓமானையும் ஸன்ஸிபாரையும் ஆண்ட சுல்தான் ஸயீத் பின் சுல்தானுடன் வணிக ஒப்பந்தம் செய்தார். சியாம் மன்னருடனும் அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். அந்த ஒப்பந்தங்கள் உறுதியான பிறகு, இருவருக்கும் அன்பளிப்பாக அமெரிக்க நாணயங்கள் அனைத்தும் அடங்கிய பெட்டிகள் தயாரிக்கப்பட்டன.

அப்போது ஈகிளும் வெள்ளி டாலரும் அடிப்பது நின்று முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்டி முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக, கடைசியாக அடித்த ஆண்டு என்று ஏட்டில் இருந்த 1804ஐப் பொறித்துப் புதிதாகச் சில நாணயங்களை அடித்தார்கள். 1835 அக்டோபரில் பெட்டி மஸ்கட்டில் சுல்தானிடம் சேர்ந்தது. அந்தச் சிறப்பு 1804 நாணயங்களே இன்று உலகின் மிக அரிய நாணயங்களின் வரிசையில் நிற்கின்றன. மஸ்கட் பெட்டி முழுதாக எஞ்சவில்லை. அதில் இருந்ததாகக் கருதப்படும் 1804 வெள்ளி டாலர் 1999இல் 41.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

வாங்குவோர் அறிய வேண்டியவை

லட்சக்கணக்கில் விலை போவது விதிவிலக்கு. சாதாரண நிலையில் உள்ள 1800களின் அரை ஈகிள் ஒன்று ஆயிரக்கணக்கான டாலரில் கிடைக்கும். அதுவும் நடுத்தரக் குடும்பத்திற்குப் பெரிய தொகைதான். எனவே சில எச்சரிக்கைகள்.

முதலாவது, போலி. நாணயத்தின் எடை, விட்டம், அடர்த்தி மூன்றும் சரியாக இருக்க வேண்டும். 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 70 வரையுள்ள எண்ணில் தரம் குறித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. அந்த உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், உறையின் எண்ணை நிறுவனத்தின் பதிவேட்டில் சரிபார்ப்பது அவசியம்.

இரண்டாவது, பழுது. இந்த நாணயங்களில் பலவற்றை அன்றைய மக்கள் துளையிட்டும் வளையம் பற்றவைத்தும் கழுத்தில் அணிந்தார்கள். பின்னர் துளையை அடைத்து விற்பார்கள். அதைச் சொல்லாமல் விற்பது மோசடி. உணவுக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரிந்ததே. விற்பவர் முஸ்லிமாக இருந்தால் பழுதை வாய் திறந்து சொல்வது அவர் மீது கடமை.

மூன்றாவது, சுத்தம் செய்தல். பளபளப்பாக்க வேண்டும் என்று தேய்த்தால் நாணயத்தின் விலை பாதிக்கும் கீழே போய்விடலாம். வீட்டில் யாரும் புளியோ பற்பொடியோ போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நாட்டுச் சட்டம். இந்தியச் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருளாகக் கருதப்படும். ஊருக்குக் கொண்டு வந்துவிட்டால், அதைத் தனிநபர் மீண்டும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. கொண்டு வரும்போதும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். வாங்கும் முன்பே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

சேகரிப்பது கூடுமா?

தங்கத்தை உடைமையாக வைத்திருப்பது ஆண், பெண் இருவருக்கும் ஆகுமானதே. ஆணுக்கு விலக்கப்பட்டது அணிவதுதான். எனவே ஈகிள் நாணயத்தை மோதிரத்திலோ சங்கிலியிலோ பதித்து ஆண் அணிவது கூடாது.

தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்து வைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களைப் பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 34, 35ஆம் வசனங்கள் கடுமையாக எச்சரிக்கின்றன. ஜகாத் கொடுக்கப்படாத செல்வமே அந்த எச்சரிக்கைக்குரிய புதையல் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஆக, சேகரிப்பதும் விலக்கப்படவில்லை. ஹக்கைக் கொடுக்காமல் சேகரிப்பதே ஆபத்து. ஆனால் கடன் இருக்க, ஹஜ் கடமையாகியிருக்க, பெற்றோரின் மருத்துவச் செலவு காத்திருக்க, பெருமைக்காக ஒரு நாணயத்தில் பணத்தைக் கொட்டுவது வீண்விரயத்தின் வாசலில் நிற்பதாகும்.

நாணயத்தில் உருவம் இருக்கிறதே என்ற கேள்வி வரும். நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் கலீஃபாக்கள் காலத்திலும் மன்னர் உருவம் பொறித்த ரோமானியத் தீனார்களும் பாரசீகத் திர்ஹம்களுமே புழங்கின. ஹிஜ்ரி 77இல்தான் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் உருவமற்ற, எழுத்துகள் மட்டும் கொண்ட இஸ்லாமியத் தீனாரை அடித்தார். அன்று புழக்கத்தின் தேவை இருந்தது. இன்று சேகரிப்புக்கு அந்தத் தேவை இல்லை. எனவே பெட்டியில் வைத்துக்கொள்வதும், வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் மாட்டி வைப்பதைத் தவிர்ப்பதும் பேணுதலான வழி.

வாங்கல், விற்றலில் வட்டி எங்கே நுழைகிறது?

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். தங்கத்திற்குத் தங்கம் மாற்றினால் எடை சமமாகவும், அந்த இடத்திலேயே கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது உபாதா பின் ஸாமித் (ரலி) முதலானோர் அறிவிக்கும் ஹதீஸ்களின் கருத்து. கூடுதல் கொடுத்தாலும் வாங்கினாலும் வட்டி.

சேகரிப்பாளர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. அரிய அரை ஈகிள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பத்துச் சாதாரணத் தங்க நாணயங்களை வாங்குவார்கள். மதிப்பு சமம்தானே என்று தோன்றும். ஆனால் எடை சமமில்லை. அறிஞர்களில் பெரும்பான்மையோர் கருத்துப்படி இது கூடாது. வேலைப்பாட்டின் கூலிக்காக எடையைவிடக் கூடுதல் தங்கம் பெறலாமா என்று ஒரு தட்டார் கேட்டபோது, இப்னு உமர் (ரலி) அவர்கள் திரும்பத் திரும்பத் தடுத்த செய்தி முவத்தாவில் உள்ளது.

அப்படியானால் வழி என்ன? கைபர் பேரீச்சம்பழச் சம்பவம் வழி காட்டுகிறது. மட்டமான பழம் இரண்டு மரக்கால் கொடுத்து உயர்ந்த பழம் ஒரு மரக்கால் வாங்கியதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மட்டமானதைத் திர்ஹமுக்கு விற்று, அந்தத் திர்ஹமைக் கொண்டு நல்லதை வாங்கும்படி கற்றுத் தந்தார்கள். நாணயத்திலும் அதுவே. உங்கள் நாணயத்தை டாலருக்கு விற்றுப் பணத்தைக் கையில் பெறுங்கள். பின்பு வேண்டிய நாணயத்தை அந்தப் பணத்தால் வாங்குங்கள். இரண்டும் தனித்தனி வியாபாரமாக இருக்க வேண்டும்.

1792 அமெரிக்கச் சட்டத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தங்கக் கட்டி கொண்டு வருபவருக்கு நாணயம் அடித்துத் தர கூலி கிடையாது, ஆனால் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் உடனே நாணயம் வேண்டுமென்றால் நூற்றுக்கு அரை பங்கு பிடித்துக்கொள்வார்கள். கட்டியைக் கொடுத்து அதைவிடக் குறைந்த தங்கத்தை நாணயமாகப் பெறுவது நம் ஃபிக்ஹின்படி கூடாத பரிமாற்றம். சிறிய சதவீதம்தானே என்று உலகம் பார்க்கும் இடத்தில் ஷரீஅத் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பதை இங்கே காணலாம்.

பணத்திற்குத் தங்கம் வாங்கும்போது எடைச் சமம் தேவையில்லை. விலை எவ்வளவும் இருக்கலாம். ஆனால் கைப்பற்றுதல் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காகிதப் பணத்திற்கும் தங்கம், வெள்ளியின் சட்டங்களே பொருந்தும் என்று தீர்மானித்தது. அதன்படி பணமும் நாணயமும் ஒரே அமர்வில் கைமாற வேண்டும். துணைக்கண்டத்து ஹனஃபி அறிஞர்கள் சிலர், விலை முடிவாகி ஒரு தரப்பு கைப்பற்றிவிட்டால் போதும் என்கிறார்கள். இரு தரப்பும் கைப்பற்றாமல், "இப்போது பேசி முடிப்போம், பணமும் பிறகு, நாணயமும் பிறகு" என்பது இரு கருத்திலும் கூடாது.

ஏலத்தில் வெற்றி பெற்ற பிறகு சில வாரங்கள் கழித்துப் பணம் கட்டி, அதன் பிறகு நாணயம் பெறுவது பொதுவான நடைமுறை. தவணை முறையும் உண்டு. நேரில் சென்று பணம் கட்டி நாணயத்தைப் பெறுவது, அல்லது அங்குள்ள நம்பிக்கையான ஒருவரை வகீலாக நியமித்துக் கைப்பற்றச் செய்வது பாதுகாப்பான வழி. தாமதமானால் வட்டி போடும் நிபந்தனை ஏல ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பார்ப்பதும் அவசியம்.

ஜகாத்: ஐந்து ஈகிளும் ஏழரைத் தோலாவும்

பெட்டியில் இருக்கும் தங்க நாணயத்திற்கு ஜகாத் உண்டு. பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு ஷாஃபி மத்ஹபில் ஜகாத் இல்லை என்ற சலுகை இதற்குப் பொருந்தாது. நாணயம் நகை அல்ல.

தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் இதை ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு தோலா 180 கிரெய்ன். ஏழரைத் தோலா 1,350 கிரெய்ன். ஒரு ஈகிள் 270 கிரெய்ன் என்பதால் ஐந்து ஈகிள் சேர்ந்தால் சரியாக 1,350 கிரெய்ன்! அதேபோல் கால் ஈகிள் ஒன்று இந்தக் கணக்கின் ஒரு மிஸ்காலுக்குச் சமம். இருபது கால் ஈகிள் இருபது மிஸ்கால். இது தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் நினைவில் வைக்க எளிது.

தேய்ந்த நாணயம் எடை குறையும் என்பதால் தராசில் நிறுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் தங்கம் மிகைத்திருந்தால் முழு எடையும் தங்கமாகவே கருதப்படும். ஷாஃபி மத்ஹபில் சுத்தத் தங்கம் மட்டுமே கணக்கு. ஒரு ஈகிளில் சுத்தத் தங்கம் 16.04 கிராம். 85 கிராம் என்ற கணக்கை எடுத்தால் ஆறு ஈகிள் இருந்தால்தான் நிஸாப் நிறையும்.

"என்னிடம் இரண்டு நாணயம்தானே" என்று விட்டுவிடவும் முடியாது. ஹனஃபி சட்டப்படி தங்கம், வெள்ளி, ரொக்கம், வியாபாரப் பொருள் அனைத்தையும் சேர்த்தே நிஸாப் பார்க்க வேண்டும். வங்கியில் பணம் உள்ளவருக்கு ஒரே ஒரு நாணயமும் கணக்கில் வரும். அதே நேரம் மனைவியின் நகை மனைவியின் உடைமை. கணவரின் நாணயத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது.

அடுத்த கேள்வி, எந்த விலைக்கு ஜகாத்? தங்க விலைக்கா, சேகரிப்பு விலைக்கா?

விற்று லாபம் பார்க்கும் நோக்கத்தில் வாங்கியிருந்தால் அது வியாபாரப் பொருள். ஜகாத் நாளில் சந்தையில் என்ன விலை போகுமோ, அதில் நாற்பதில் ஒரு பங்கு.

சேமிப்பாகவோ ஆர்வத்திற்காகவோ வைத்திருந்தால், ஹனஃபி நூல்களில் வரும் வெள்ளிப் பாத்திர உதாரணம் உதவும். 200 திர்ஹம் எடையுள்ள பாத்திரம், வேலைப்பாட்டால் 300 திர்ஹம் மதிப்புப் பெறுகிறது. வெள்ளியாகவே ஜகாத் கொடுத்தால் எடைப்படி 5 திர்ஹம் போதும் என்பது இமாம் அபூ ஹனீஃபா, இமாம் அபூ யூசுஃப் ஆகியோரின் கருத்து. வேறு பொருளாகக் கொடுத்தால் மதிப்பைப் பார்க்க வேண்டும். இதன்படி ஐந்து ஈகிள் வைத்திருப்பவர் தங்கமாகவே கொடுத்தால் 1,350 கிரெய்னில் நாற்பதில் ஒரு பங்கு, 33.75 கிரெய்ன், அதாவது சுமார் 2.19 கிராம் தங்கம். நாணயத்தை உடைக்க வேண்டியதில்லை. அந்த எடைக்கு வேறு தங்கம் கொடுக்கலாம். பணமாகக் கொடுத்தால் சேகரிப்பு மதிப்பும் கவனத்தில் வரும். எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதைத் தம் மத்ஹபின் முஃப்தியிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஏழைகளுக்கு அதிகம் கிடைக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பவருக்கு நற்கூலியும் அதிகம்.

வாரிசுகளுக்கு எழுதி வையுங்கள்

சேகரிப்பாளர் மவ்த்தானதும் இரண்டு விதமான அநியாயம் நடக்க வாய்ப்பு உண்டு.

ஒன்று அறியாமையால் வருவது. பெட்டியைத் திறந்த பிள்ளைகள் "ஏதோ பழைய காசு" என்று கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்வார்கள். கடைக்காரர் உரசிப் பார்த்து எடைக்குத் தங்க விலை கொடுப்பார். பல மடங்கு மதிப்புள்ளது உருக்குச் சட்டிக்குப் போய்விடும். 1834இல் நடந்தது நம் வீட்டிலும் நடக்கும்.

மற்றொன்று அறிந்தே செய்வது. விஷயம் தெரிந்த மகன் அரிய நாணயத்தைத் தன் பங்கில் வைத்துக்கொண்டு, சகோதரிகளுக்குச் சாதாரண நாணயங்களை எடைக்கு எடை கொடுப்பார். தராசில் பார்த்தால் பங்கு சரியாக இருக்கும். உண்மையில் அல்லாஹ் விதித்த பங்கு பறிக்கப்பட்டிருக்கும். ஒரே எடையுள்ள இரண்டு அரை ஈகிள்களில் ஒன்று மற்றொன்றைவிட நூறு மடங்கு விலை போகலாம் என்பதை மேலே பார்த்தோம்.

இதைத் தடுக்கச் சேகரிப்பாளர் தம் வாழ்நாளிலேயே செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு நாணயத்தின் ஆண்டு, வகை, எடை, உறை எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுதல்.
2. அது தம் சொந்த உடைமையா, மனைவிக்கோ மகளுக்கோ அன்பளிப்பாக ஒப்படைத்துவிட்டதா, பிறர் வைத்த அமானிதமா என்பதைத் தெளிவாகக் குறித்தல்.
3. கொடுத்து முடித்த ஜகாத், பாக்கியுள்ள ஜகாத் இரண்டையும் எழுதுதல்.
4. வீட்டில் குறைந்தது இருவருக்கு, முடிந்தால் மகளையும் சேர்த்து, இந்தக் குறிப்பேடு இருக்கும் இடத்தைச் சொல்லுதல்.

வாரிசுகள் செய்ய வேண்டியது: முதலில் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத். பிறகு இத்துறை அறிந்தவரைக் கொண்டு மதிப்பிட்டு, விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வதே சிக்கலற்ற வழி. ஒரு வாரிசு குறிப்பிட்ட நாணயத்தை விரும்பினால், அதன் முழு மதிப்பையும் எல்லோருக்கும் தெரியப்படுத்தி, அனைவரின் மனப்பூர்வமான சம்மதத்தோடு தம் பங்கில் கழித்துக்கொள்ளலாம். வயதுக்கு வராத வாரிசு இருந்தால் அவருடைய பங்கில் விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடு தன் நாணயத்தில் எடை குறையக் கூடாது என்று வில்லை வில்லையாக நிறுத்துப் பார்த்தது. நாம் நம் கையில் உள்ள தங்கத்தில் ஏழையின் ஹக்கும் சகோதரியின் பங்கும் குறையாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும். மறுமையின் மீஸானில் நிறுக்கப்படுவது அதுதான்.

ஹலாலான வழியில் ஈட்டி, ஹலாலான வழியில் வைத்திருந்து, உரியவர்களுக்கு உரியதைக் கொடுத்து மகிழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.